முப்பத்தாறின் கீழ் எழுபத்திரண்டு

எங்கள் வீட்டுக்குப் பெயர் கிடையாது, அளவுதான்.
முப்பத்தாறு சதுர மீட்டர் வீடு
எழுபத்திரண்டு சதுர மீட்டர் மண்.
விற்க வந்த பையன் அதைப் பின்னக் கணக்காக எழுதிக் காட்டினான்:
மேலே நாங்கள், கீழே நிலம்,
பக்கத்தில் இருபது வருடம்.

ஜகார்த்தாவுக்கு நாற்பதே நிமிடம் என்றது விளம்பரத் தாள்.
பொய்யில்லை.
ஒரு நோன்புப் பெருநாள் காலையில்
ஊரே சொந்த ஊருக்குப் போயிருந்தபோது
முப்பத்தெட்டில் போய்ச் சேர்ந்தோம்.

மற்ற நாட்களில் தெதென்
பாங்குச் சத்தத்துக்கு முன்னால் கிளம்புவார்.
நிலையத்தில் பைக்கைப் போட்டுவிட்டு
நான்கு முப்பத்தேழு ரயிலில் நின்றபடி தூங்குவார்,
விழ இடமில்லாததால் விழமாட்டார்.
இரவு திரும்பும்போது சட்டையில்
நாலு பேருடைய சென்ட் மணக்கும்.
முதல் வருடம் யாருடையது என்று கேட்டேன்.
இப்போது துவைக்கிறேன்.

மூன்றாம் வருடம் வட்டி மாறியது.
மிதக்கும் வட்டி என்றார்கள் வங்கியில்.
ஆமாம், வீட்டில் மிதந்தது அது ஒன்றுதான்.

எங்கள் வரிசையில் பன்னிரண்டு வீடுகள்.
மூன்றில் விளக்கெரியும்.
மீதி ஒன்பதும் முதலீடு.
இங்கே வயல் இருந்தது என்று யாரும் சொல்லித் தெரியவேண்டியதில்லை,
மழை பெய்தால் தவளைகள்
பழைய விலாசத்துக்கே வருகின்றன.

பன்னிரண்டாம் எண்ணுக்கும் எங்களுக்கும் ஒரே சுவர்.
அந்தப் பக்கம் ஓடு நகர்ந்து
இந்தப் பக்கம் மெலாத்தியின் கட்டிலுக்கு மேல்
கறுப்பாய்ப் பூத்தது.
சுரபாயாவில் இருக்கும் பாக் ஹெந்தார்த்தோவுக்குப் போன் செய்தேன்.
'அங்கே இப்போது என்ன விலை போகிறது, அம்மா?'
சுவரில் பூஞ்சை, பாக்.
'புது நிலையம் வருகிறதாமே?'
மழை வருகிறது, பாக்.

காவலர் சர்மிடியின் ஏணியை வாங்கி
நானே ஏறினேன்.
ஓட்டை விலக்கி உள்ளே பார்த்தேன்.
எங்கள் வீடு.
கண்ணாடியில் பார்த்தது மாதிரி இடவலம் மாறி,
சுவிட்சுகளில் பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காமல்.
எங்கள் குளிர்ப்பெட்டி நிற்கும் மூலையில்
சாக்கடைத் துளை வழியே கிளம்பிய பப்பாளி ஒன்று
உடைந்த சன்னலுக்கு வெளியே தலையை நீட்டியிருந்தது.
வெகுநேரம் ஏணியிலேயே நின்றேன்.
சர்மிடி கீழிருந்து இருமினார்.

போன மாதம் பாக் ஹெந்தார்த்தோ வந்தார்,
காரில், வாங்குகிறவரோடு.
இறங்கியதும் நேராக எங்கள் வாசலுக்கு வந்து
'இதுதான்' என்றார்.
வாங்குகிறவருக்கு மிளகாய்த் தொட்டிகள் பிடித்தன, திரைச்சீலை பிடித்தது,
கொடியில் காயும் சட்டையைக்கூட ஒருமாதிரி பார்த்தார்.
அடுத்தது, பாக், என்றேன்.
இருவரும் அடுத்ததற்குள் போனார்கள்,
ஐந்து நிமிடத்தில் வெளியே வந்தார்கள்.
பழுத்திருந்த ஒரு பப்பாளியைப் பறித்து
அவர் கையிலேயே கொடுத்தேன்.
நன்றி சொல்லி வாங்கிக்கொண்டார்.

இரவு தெதென் வந்ததும் கேட்டார்:
'பன்னிரண்டில் விளக்கு எரிகிறதே,
யார் குடிவந்தது?'
யாருமில்லை. விலை வந்துவிட்டுப் போனது.

அணைக்க மறந்த அந்த விளக்கு
ஒன்பது நாள் எரிந்தது.
குழந்தை அதைப் பார்த்துக் கையசைத்தாள்.
பத்தாம் நாள் மின்கட்டண மீட்டரில் பணம் தீர்ந்து
கீ கீ என்று கத்தத் தொடங்கியது,
பசித்த குஞ்சு மாதிரி, சுவருக்கு அந்தப் பக்கம்,
விடிய விடிய.
சுரபாயாவில் யாரும் போனை எடுக்கவில்லை.

மறுநாள் இரவு இருபதாயிரம் ரூபியாவுக்கு டோக்கன் வாங்கினேன்.
இருபது இலக்கம்.
தெதென் போனின் வெளிச்சத்தைப் பிடிக்க
இன்னொருவர் வாசலில் குனிந்து
ஒவ்வொன்றாக அழுத்தினேன்.
பதினாலாவது தவறி, மறுபடி முதலிலிருந்து.

சத்தம் நின்றது.
தவளைகள் கேட்டன.